"சின்ன பார்சல்தான்"

ப்ராஜெக்டுக்காக ஃப்ராங்க்பர்ட் கிளம்பும் ஒவ்வொரு முறையும் இதே கதைதான். "சின்ன பார்சல்தான், ஓரமா வச்சுக்கோ." எனக்கு அனுமதித்திருப்பதே 23 கிலோ! அதில் ஒருவருக்கு மாவடு, ஒருவருக்கு இட்லித் தட்டு, முகமே தெரியாத யாருக்கோ 3 கிலோ முறுக்கு.

போன வாரம் நடுராத்திரி, சென்னை விமான நிலையத் தரையில் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எடை 23-ஐத் தாண்டிக் காட்டியது. வரிசை மொத்தமும் என்னையே பார்க்கிறது. அடுத்தவர் பொருளை எப்படி விட்டுவிட்டுப் போவது? கடைசியில் அம்மா வறுத்து அரைத்துக் கொடுத்த பருப்புப் பொடியைத்தான் எடுத்து, வாசலில் நின்ற தம்பியிடம் கொடுத்தேன். டப்பா மூடியில் அம்மா கையெழுத்தில் என் பெயர்.

இங்கே வந்து இறங்கினால், "முறுக்கு ஏன் நொறுங்கியிருக்கு?" என்று கேட்கிறார்கள். எப்படித்தான் மனசு வருகிறதோ!