விஷம் இல்லையாம்ல!

எல்லாரும் பகிர்ற அந்த விவாத வீடியோவை நானும் பார்த்துட்டேன். "கரையில ஒதுங்கினது வெறும் பிளாஸ்டிக் குருணை, விஷம் இல்லை, பீதியைக் கிளப்பாதீங்க"ன்னு ஏசி ரூம்ல உட்கார்ந்து சிரிச்சாரே ஒரு நிபுணர், அவரைத்தான் சொல்றேன். குருணைன்னா, பிளாஸ்டிக் சாமான் செய்ய மூலப்பொருளாப் போற சின்னச் சின்ன மணி.

விஷம் இல்லைதான் ஐயா. மீன் சாக விஷம்தான் வேணுமா? 2025 மே 25 அன்னைக்கு கொச்சிக்கு அப்பால் எல்சா 3ங்கிற சரக்குக் கப்பல் முழுகின பிறகு எங்க குமரிக் கடப்புறத்துல ஒதுங்கின குருணை, பார்க்க மீன் முட்டை மாதிரியே இருக்கு. மீனும் பறவையும் இரைன்னு முழுங்கும். செரிக்காது. வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், உடம்பு மெலியும். போதாக்குறைக்கு, தண்ணியில கிடக்கிற பூச்சிமருந்து, எண்ணெய்க் கழிவையெல்லாம் தன்மேல ஒட்ட வச்சுக்கும். இப்போ சொல்லுங்க, விஷம் இல்லையா?

அதை அள்ளிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். எங்க சித்தி சுளவுல புடைச்சுப் பார்த்தாங்க, மணலும் குருணையும் பிரியவே இல்லை. கடைசியில வாளித் தண்ணியில மணலைக் கொட்டி, மேல மிதந்ததை வடிகட்டி எடுத்தோம். நிமிர்றதுக்குள்ள அடுத்த அலை இன்னொரு பிடியைக் கொட்டிட்டுப் போச்சு.

"குடலைக் கழிச்சுட்டுத்தானே மீனைத் திங்கிறோம்"னு ஒருத்தர் வருவார். சிப்பிக்கு எந்தக் குடலைக் கழிப்பீங்க? கடல்தண்ணியை வடிகட்டித்தான் அது பிழைக்குது. வெயில்லயும் அலையிலயும் உடைஞ்சு தூளானதெல்லாம் அதுக்குள்ளதான் போகும். நெத்திலிக் கருவாட்டையும் முழுசாத்தானே பொரிக்கிறீங்க?

"உங்க வலையும் நைலான்தானே?" ஆமா, அதுவும் தேயுது, துகளாகுது. ஆனா 640 கன்டெய்னரோட கப்பலைக் கவுத்தது எங்க மாமாவா?

2021ல கொழும்புப் பக்கம் எக்ஸ்-பிரஸ் பேர்ல்ங்கிற கப்பல் எரிஞ்சு முழுகினப்போ 1,680 டன் குருணை கடல்ல கொட்டுச்சு. நாலு வருஷம் கழிச்சு இலங்கை உச்ச நீதிமன்றம் கப்பல்காரங்களை 100 கோடி டாலர் கட்டச் சொல்லுச்சு. விஷம் இல்லாததுக்கு எதுக்கு அவ்வளவு காசு? "அந்தக் கப்பல்ல அமிலமும் இருந்துச்சே"ன்னு கமென்ட்ல வராதீங்க, தெரியும்.

கோபம் அந்த ஆள் மேல மட்டும் இல்லை. சித்தி தலைச்சுமையா மீன் கொண்டு போனா, "பிளாஸ்டிக் மீனா?"ன்னு கேட்டுட்டு, அதையே சாக்கா வச்சுப் பாதி விலைக்குக் கேக்குறாங்க. வேண்டாம்னு போறதுமில்லை! கப்பல்காரன்கிட்ட ஒருத்தரும் பேரம் பேசலை, கூடைக்காரிகிட்டதான் பேசுறீங்க. அடுத்த விவாதத்துக்கு சித்தியைக் கூப்பிடுங்க. அவங்க கேக்குறதுக்கு அந்த நிபுணர் சிரிக்காம பதில் சொல்லட்டும், பார்ப்போம்.