அந்த மைக்கை ஏன் பிடுங்கினீர்கள்?

மூன்று நாளாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முதலீட்டாளர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்ட எங்கள் திருப்பூர் பனியன் கம்பெனி அண்ணன் ஒருவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கிய அந்த ஒன்றரை நிமிட வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பதினாலு பேர் அனுப்பிவிட்டீர்கள். நேற்று ராத்திரி ஒருவர் அதன் கீழே, "இது முதலீட்டாளர் கூட்டம், பனியன் கம்பெனிக்காரனுக்கு இங்கே என்ன வேலை" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும்.

அந்த அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அமெரிக்காவுல வரி போட்டுட்டாங்க, வேற நாட்டுக்குப் போங்கன்னு சொல்றீங்க. போறோமுங்க. அங்க போய் எந்தக் கதவைத் தட்டறதுன்னு காட்ட ஒரு ஆள் குடுப்பீங்களா?" அவ்வளவுதான். கோஷம் போடவில்லை, மானியம் கேட்கவில்லை, யாரையும் திட்டவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள். "மனுவாக எழுதிக் கொடுங்கள்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அடுத்த நிமிடமே வெளிநாட்டு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப் போய்விட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து இங்கே தொழில் தொடங்க வருகிறவருக்குக் கூடவே நடந்து வர ஓர் அதிகாரி இருக்கிறார். இங்கிருந்து வெளிநாட்டில் விற்கப் போகிறவருக்கு அப்படி ஒருவர் இல்லை. நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். இந்தப் பதிவில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடனே "எந்தக் கட்சி" என்று தேட ஆரம்பிக்காதீர்கள். முதல் உலக முதலீட்டாளர் மாநாடு 2015 செப்டம்பரில் சென்னையில் நடந்தது. அடுத்தது 2019 ஜனவரியில், மூன்றாவது 2024 ஜனவரியில். ஆட்சி மாறியது, மாநாடு மாறவில்லை. 2019-ல் அன்றைய முதல்வர் பழனிசாமி லண்டன், அமெரிக்கா, துபாய் போனார். அவருக்குப் பிறகு முதல்வரான ஸ்டாலின் துபாய், சிங்கப்பூர், ஜப்பான், ஸ்பெயின், அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் "சுற்றுலா" என்று கேலி செய்தார்கள். நான் ஒரு தடவையும் செய்ததில்லை. போகத்தான் வேண்டும். நேரில் போய் உட்கார்ந்து பேசினால்தான் வியாபாரம் நடக்கும் என்பது எங்களைப் போல ஏற்றுமதி செய்கிறவர்களை விட யாருக்குத் தெரியும்?

2024 மாநாட்டில் மட்டும் 631 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 6,64,180 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். சந்தோஷம். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கைக்கு வந்த பணம் ஆகாது, அது இருவரும் சொல்லிக்கொள்ளும் விருப்பம்தான், ஆனாலும் சந்தோஷம். அந்த 631-ல் ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க, நிலம் பார்க்க, மின் இணைப்பு வாங்க, ஒற்றைச் சாளரத்தில் அனுமதி வாங்க ஆள் இருக்கிறது. 1992-லிருந்து இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். அதே மாதிரி ஓர் ஆள் எங்களுக்கும் வேண்டும் என்றுதான் அண்ணன் கேட்டார். அதற்குத்தான் மைக் போனது.

"அப்படியானால் முதலீடே வர வேண்டாம் என்கிறீர்களா" என்று கேட்பார்கள். போன மாதம் எழுதிய பதிவின் கீழேயும் இதைத்தான் கேட்டார்கள். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? என் அக்கா மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஹூண்டாய் 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை என்றால் அந்தப் பகுதி இன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கும் தெரியும். வரட்டும். தூத்துக்குடிக்கு வியட்நாம் கார் கம்பெனி வந்தபோது நானும் கைதட்டினேன். வருகிறவரை வரவேற்கிற வீட்டில், வீட்டுப் பிள்ளையைத் திண்ணையிலேயே நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

திருப்பூர் வருஷத்துக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊர். இதை யாரும் மாநாடு போட்டு உண்டாக்கவில்லை. 1970-களின் கடைசியில் இத்தாலியிலிருந்து ஓர் இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடி இந்த ஊருக்கு வந்தார். அவருக்குத் தைத்துக் கொடுத்தார்கள், அவரைப் பார்த்து அடுத்தவர் வந்தார், அப்படியே வளர்ந்தது. 1985-ல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இது. நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி, செக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட். பெரிய கம்பெனியின் பெயர்தான் பெட்டியில் இருக்கும், உள்ளே இருக்கிற துணி பத்து சின்ன யூனிட் கை மாறி வந்திருக்கும்.

என் கதையையும் சொல்கிறேன். ஆறு பவர் டேபிளோடு, அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மெஷினோடு, ஆரம்பித்து இன்றைக்கு 52 மெஷின் வைத்திருக்கிறோம், நானும் என் தம்பியும். 2013-ல் முதல் தடவையாக ஐரோப்பாவில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். ஒன்பது சதுர மீட்டர் ஸ்டால். இரண்டு சூட்கேஸ் முழுக்க சாம்பிள், மாற்றுத் துணி ஒரு கைப்பையில். நாலு நாள் நடந்த கண்காட்சியில் நம் அதிகாரி ஒருவர் முதல் நாள் வந்தார். பேனருக்கு முன்னால் எங்கள் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. எதிர் ஸ்டால் வேறொரு நாட்டுக்காரருடையது, என்னை மாதிரியே சின்னக் கம்பெனி. அவர்கள் நாட்டு வணிக அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தினமும் காலையில் ஒரு பட்டியலோடு வந்தார். "பதினொன்றரைக்கு இந்த பையர் வருகிறார், இவருக்குக் குழந்தைத் துணிதான் வேண்டும், விலையை முதலில் சொல்லாதீர்கள்" என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளில் எனக்குக் கிடைத்தது முப்பது விசிட்டிங் கார்டு. ஊருக்கு வந்து முப்பது பேருக்கும் மெயில் போட்டேன். இரண்டு பேர் பதில் எழுதினார்கள். ஆர்டர் ஒன்றும் வரவில்லை. ஸ்டால் வாடகையில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்று சொன்ன தொகை பதினாலு மாதம் கழித்து வந்தது. அதற்குள் அதற்காக வாங்கிய கடனின் வட்டி அதைச் சாப்பிட்டிருந்தது.

எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது பணத்துக்காக இல்லை. அந்தப் பெண்ணுக்கு எதிர் ஸ்டால்காரரின் பெயர் தெரியும், அவர் என்ன தைக்கிறார் என்று தெரியும். என் பெயர் யாருக்கும் தெரியாது.

கொரியாவில் கொட்ரா என்று ஓர் அமைப்பு 1962-லிருந்து இருக்கிறது. ஜப்பானின் ஜெட்ரோ அதற்கும் மூத்தது. தங்கள் நாட்டுச் சிறு கம்பெனிக்கு வெளிநாட்டில் பையர் தேடிக் கொடுப்பதும், வெளிநாட்டு முதலீட்டைத் தங்கள் நாட்டுக்கு அழைத்து வருவதும், இரண்டையும் ஒரே அமைப்பு பார்க்கிறது. இரண்டுக்கும் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். அவர்கள் ஊர்ச் சின்னத் தொழிலதிபருக்காக நம் ஊரில் வந்து அலுவலகம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சின்னத் தொழிலதிபர் நம் ஊர்க் கூட்டத்திலேயே ஒரு கேள்வியை முடிக்க முடியவில்லை.

"சிறு தொழிலுக்கு எத்தனை திட்டம் இருக்கிறது, இணையதளத்தைப் பார்த்ததே இல்லையா" என்று சிலர் வருவீர்கள். பார்த்திருக்கிறேன். பயிற்சி வகுப்புக்கும் போயிருக்கிறேன். ஏற்றுமதி லைசென்ஸ் எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுத்து, கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இருபது வருஷமாக ஏற்றுமதி செய்கிறவளுக்கு அதை வைத்து என்ன செய்ய? திட்டம் இருப்பதும் ஆள் இருப்பதும் ஒன்றாகாது. முதலீட்டாளருக்கும்தான் இணையதளம் இருக்கிறது. ஆனாலும் அவருக்கு ஆளும் கொடுக்கிறீர்களே, ஏன்? இணையதளம் போதாது என்று உங்களுக்கே தெரியும்.

மத்திய அரசையும் விடப் போவதில்லை. பேக்கிங் கிரெடிட்டுக்கு, அதாவது ஏற்றுமதி ஆர்டரைத் தயாரிக்க வங்கி கொடுக்கும் கடனுக்கு, வட்டிச் சலுகை 2015-லிருந்து இருந்தது, சின்ன யூனிட்டுக்கு 3 சதவீதம். 2024 டிசம்பர் 31-ஓடு அது முடிந்தது. எட்டு மாதம் கழித்து, 2025 ஆகஸ்ட் 27 அன்று, அமெரிக்காவில் நம் சரக்குக்கு வரி 50 சதவீதம் ஆனது. குடை தேவைப்பட்ட நாளில் கையில் குடை இல்லை. அதே வருஷம் நவம்பரில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம் என்று 25,060 கோடி ரூபாய்க்கு அறிவித்தார்கள். நல்லது, வரட்டும். இங்கிலாந்தோடு 2025 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதன்படி நம் துணிக்கு அங்கே வரி இருக்காது. அதுவும் நல்லது. சுவிட்சர்லாந்து, நார்வே முதலிய நாலு நாடுகளோடு போட்ட ஒப்பந்தத்தில், 15 வருஷத்தில் 10,000 கோடி டாலர் முதலீடு கொண்டுவர வேண்டும் என்று எழுதியே வாங்கியிருக்கிறார்கள். உள்ளே வருவதற்கு ஓர் எண்ணை எழுதி வாங்கத் தெரிகிறது. வெளியே விற்கப் போகிற சின்ன யூனிட் எத்தனைக்குப் புது பையர் பிடித்துக் கொடுத்தோம் என்று எங்கேயாவது ஓர் எண் எழுதியிருக்கிறார்களா?

"சாயக்கழிவை விட்டு ஆற்றைக் கெடுத்தவர்கள்தானே" என்று வீடியோவின் கீழே எழுதியவருக்கு. ஆமாம், நொய்யலை நாசம் செய்தது எங்கள் தொழில்தான். மறுக்க மாட்டேன். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்கள், அன்றைக்கு வேலை இல்லாமல் ஊர் இருந்த இருப்பு எனக்கு மறக்காது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற விதிக்கு வந்தோம். அந்தச் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் இருக்கிறது. அந்தச் செலவு இல்லாத நாட்டுக்காரனோடுதான் விலையில் மோதுகிறோம். இதையும் வெளிநாட்டு பையரிடம் எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

"லாபம் வரும்போது அரசைத் தேடினீர்களா" என்றவருக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் எந்தக் கம்பெனியின் லாபத்தைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

எங்கள் தொழிலாளர் சம்பளம் பற்றி அங்கே சிலர் கேட்டது நியாயமான கேள்வி. அதைத் தனியாக எழுதுகிறேன், இங்கே இழுத்தால் இது எங்கேயோ போய்விடும்.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பர் 1 அன்று மூடியது. வரிப் பிரச்சினை, கம்பெனி கைமாறியது, ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் வேலை இழந்து ஊருக்குத் திரும்பினார்கள். ஃபோர்டு 2021-ல் போகிறேன் என்றது. 2025-ல் 3,250 கோடி ரூபாய் போட்டுத் திரும்பி வருகிறேன் என்றது. வரட்டும், நல்லது. ஆனால் அவர்களுக்குப் போகவும் வரவும் இடம் இருக்கிறது. எங்களுக்கு எங்கே இருக்கிறது? அவர்கள் போனால் தலைப்புச் செய்தி, அமைச்சர் போய்ப் பேச்சுவார்த்தை நடத்துகிறார். எங்கள் தெருவில் இந்த நாலு மாதத்தில் மூன்று யூனிட் ஷட்டர் இறங்கிவிட்டது. ஒரு பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை. மெஷினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனதை நானும் என் டெய்லர்களும்தான் பார்த்தோம். அதில் ஒரு யூனிட் அந்த அண்ணனின் மச்சினருடையது. இது தெரியாமல்தான் வீடியோவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போடுகிறீர்கள்.

அந்த அண்ணனை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். என் தம்பிக்கு ஓவர்லாக் மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். முதல் ஷிப்மென்டில் எனக்கு லேபிள் தப்பாக வந்தபோது, தன் ஆட்களை அனுப்பி ராத்திரியோடு ராத்திரியாக நாலாயிரம் பீஸைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அன்றைக்குக் கூட்டத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். வீடியோவை மறுபடியும் பாருங்கள், இடது கையில் அந்தத் தாள் இருக்கிறது. மைக் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருக்கிறார், அப்புறம் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்காருகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மனுவாகக் கொடுங்கள் என்றீர்கள் இல்லையா, கொடுக்கிறோம். அண்ணா, மூன்று நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை, தம்பி வீட்டுக்கு வந்தும் பார்த்தான், பூட்டியிருந்தது என்றான். இதைப் படித்தால் கூப்பிடுங்கள். அந்தத் தாளைத் தூக்கிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, கேள்வி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். திங்கட்கிழமை காலையில் நான் டைப் செய்து எடுத்துவருகிறேன். முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள், அடுத்தது நான்.