கேட் இருக்கு, காவல் எங்கே?

பாளையங்கோட்டையில் கோட்டை பெரும்பாலும் போய்ப் பெயர்தான் மிச்சம். எங்கள் காம்பவுண்டில் காவல் போய் கேட் மட்டும் மிச்சம்.

நாலு வருஷமாக இங்கேதான் குடியிருக்கிறேன். ஆனாலும் வாட்ச்மேன் தினமும் மறித்து, "எந்த வீடு சார்?" என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்கிறார். நூலில் கட்டித் தொங்கும் பேனா எழுதாது, கீறிக் கீறித் தாளே கிழிந்துவிட்டது. நேற்று என் பெயருக்கு மேல் வரியில் எவனோ 'ஊமைத்துரை' என்று எழுதியிருக்கிறான்! 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை, ஸ்கூட்டரில் ஏறி எங்கள் கேட் வழியாக உள்ளே வந்துவிட்டாராம், வண்டி நம்பரோடு. அவரை யாரும் மறிக்கவில்லை. கத்தரிக்காய்ப் பையோடு போன என்னைத்தான் மறித்தார்கள். என் மூஞ்சி அப்படியா இருக்கிறது?

கேமரா? அது வேப்பமரத்துக் காக்காயை இரவும் பகலும் கண்காணிக்கிறது. ஒரு காக்காயும் களவு போகவில்லை, சந்தோஷம். குழந்தைகள் விளையாடும் தெருவில் பின்வீட்டுப் பையன் பைக்கை ராக்கெட் மாதிரி விடுகிறான். சொன்னால், "சின்னப் பையன்தானே" என்கிறார் அவன் அப்பா. மேல்வீட்டு டேங்க் நிரம்பி என் படியில் அருவி கொட்டுகிறது. சீசனுக்குக் குற்றாலம் போகும் செலவு மிச்சம்.

சங்கச் செயலாளர் அண்ணாச்சியிடம் போனேன்.

"பாத்துக்கிடலாம் தம்பி. ஆமா, நீங்க எந்த வீடு?"