ஆட்டோ காடி என்று ஒதுங்கி நிற்காதீர்கள்

"ஆட்டோ கியரா? அப்படின்னா சும்மா பசியாறப் போக வர வச்சுக்கோ." கோலாலம்பூரில் காடிப் பைத்தியம் பிடித்த நம் பையன்கள் கூடும் எந்த மாமாக் கடையிலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஆட்டோ கியர் கார் ஆட்டோகிராஸ் போட்டிக்கு லாயக்கில்லை என்கிற இந்தப் பேச்சு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

இன்றைக்கு நம் இளைஞர்கள் கையில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் செடான்களைப் பாருங்கள். பழைய பிஎம்டபிள்யூ த்ரீ சீரிஸ், பென்ஸ் சி கிளாஸ், லெக்சஸ் ஐஎஸ். செகண்ட் ஹேண்டில் ஒரு புது மைவியின் விலைக்கோ அதற்கும் கீழேயோ கிடைக்கின்றன. எல்லாம் ரியர் வீல் டிரைவ், அதாவது எஞ்சின் சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிறவை, கிட்டத்தட்ட எல்லாம் ஆட்டோ. மேனுவல்தான் வேண்டும் என்றால் தேடித் தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் யானை விலை சொல்வார்கள். ஆக, "மேனுவல் வாங்கிட்டு வா, அப்புறம் ஓட்டலாம்" என்று ஒருவனிடம் சொல்வதும் "நீ வராதே" என்று சொல்வதும் ஒன்றுதான். வராதே என்றால் அவன் வீட்டில் உட்கார்ந்துவிடுவானா? ராத்திரி காராக் நெடுஞ்சாலைக்குப் போவான், இல்லை உலு யாம் வளைவுகளுக்குப் போவான். பின் சக்கரம் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை எதிரே லாரி வருகிற ரோட்டில் முதல் தடவையாகத் தெரிந்துகொள்வான். நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கார் நிறுத்துமிடம் ஒன்றில் ஆரஞ்சு கோன்களை வைத்து வளைந்து வளைந்து போகும் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு மட்டும். கோனைத் தட்டினால் நேரத்தில் சில வினாடிகளைக் கூட்டுவார்கள். அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்சிசிஏ விதியில் ஒரு கோனுக்கு 2 வினாடி. வேகம் பெரும்பாலும் 100 கிலோமீட்டரைத் தொடாது. நம் ஊரில் பலருக்கும் பழக்கமான ஜிம்கானாவுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. ஜிம்கானாவில் கோனைச் சுற்றிச் சுழலும் வித்தைகள் உண்டு, இதில் ஓட்டம் தடைபடாமல் போவதுதான் முக்கியம்.

இப்போது கியருக்கு வருவோம். இந்தப் பாதையில் கியர் மாற்றும் வேலையே குறைவு. முதல் கியரில் கிளம்பி, இரண்டாவதுக்கு மாறினால் முக்கால்வாசி ஓட்டம் அதிலேயே முடிந்துவிடும். எட்டு கியர் உள்ள செடான்கள் பலவற்றில் இரண்டாவது கியர் 80, 90 கிலோமீட்டர் வரை இழுக்கும். பிறகு மேனுவல்காரருக்கு அங்கே என்ன பெரிய லாபம்? ஸ்லாலமில் கோன் மாற்றி கோன் திரும்பும்போது இரண்டு கையும் ஸ்டீயரிங்கை விட்டு நகரவே வேண்டாம் என்பது ஆட்டோவுக்குக் கிடைக்கும் வரம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: 'டி'யில் போட்டு ஓட்டாதீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதுதான் 'டி'யின் புத்தி. வளைவுக்கு முன் காலைக் கொஞ்சம் எடுத்ததுமே மூன்று, நான்கு என்று மேலே ஏறிவிடும். அப்புறம் வளைவின் நடுவில் நீங்கள் எண்ணெய்ப் பெடலை மிதிக்கும்போது கியர் பெட்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் தடாலென்று இரண்டாவதுக்கு இறங்கும். டயரின் பிடிமானம் முழுவதும் வளைவுக்கே செலவாகிக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், பின் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை திடீரென்று எகிறும். வால் வெளியே வரும். "ஆட்டோ காடி வளைவில் ஆபத்து" என்று பயந்து திரும்பியவர்கள் நிறைய பேருக்கு நடந்தது இதுதான்.

சென்ற மாதம் ஷா ஆலாமில் இதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். கிள்ளானிலிருந்து வந்த ஒரு தம்பி, அப்பாவின் 328ஐ. கடைசி ஸ்லாலமை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் வால் உதறியது. "அண்ணே, டயர் மாத்தணுமா?" என்று கேட்டார். "டயர் இருக்கட்டும்பா. லிவரை மேனுவல் பக்கம் தள்ளு, ரெண்டுலயே பிடிச்சு வை" என்றேன். அடுத்த ஓட்டத்தில் அதே இடத்தில் ஆர்பிஎம் ஊசி 4,000ஐ ஒட்டியே நின்றது. ஸ்டீயரிங்கை நேராக்க நேராக்க, வலது காலை அந்த அளவுக்கே மெல்ல அழுத்தினார். பின்பக்கம் லேசாகக் குந்தியது, டயர் ஒரு முனகல் முனகியது, கார் நேராக வெளியே பாய்ந்தது. கோன் ஒன்றுகூட அசையவில்லை. ஒரு வெள்ளி செலவில்லை. அந்தத் தம்பியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

காலை அழுத்துகிற அந்த அளவுதான் விஷயமே. இரண்டு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல், இந்த செடான்களில் பெரும்பாலானவற்றுக்கு வழுக்கும் சக்கரத்தைக் கட்டுப்படுத்தாத ஓப்பன் வகைதான். ஸ்டீயரிங் வளைந்திருக்கும்போதே முழுசாக மிதித்தால் உள்பக்கத்துப் பின் சக்கரம் வெறுமனே சுற்றும், சக்தி புகையாகப் போகும். முதலில் நேராக்கு, பிறகு மிதி. இதை எத்தனை பேர் வாயால் சொன்னாலும் உடம்பு கற்றுக்கொள்வது கோன்களுக்கு நடுவில்தான். பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்கள் ஆரம்பத்தில் வழுக்கலைத் தடுக்கும் டிஎஸ்சியை முழுசாக அணைக்க வேண்டாம். பட்டனை ஒரு தடவை சும்மா தட்டினால் டிடிசி என்ற தளர்ந்த நிலை வரும். கொஞ்சம் வழுக்க விடும், எல்லை மீறினால் பிடித்துக்கொள்ளும். கற்றுக்கொள்ள அது போதும். இடது காலால் பிரேக் போட ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: புதிய கார்கள் பலவற்றில் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் கம்ப்யூட்டர் எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும்.

மத்தியானம் மழை வந்தால் ஓடிப்போய்விடாதீர்கள். கோலாலம்பூரின் மூன்று மணி மழை ரியர் வீல் டிரைவுக்குக் கிடைக்கும் இலவச வகுப்பு. வெயிலில் அதிக வேகத்தில் நடப்பது ஈரத்தில் குறைந்த வேகத்திலேயே நடக்கும், எல்லாம் மெதுவாக, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. ஆட்டோவில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்துவதால் கிளம்பும்போது இழுவை மெத்தென்று வரும், ஈரத்தில் அது நல்லதே. 1965இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஓடுதளமே வெள்ளக்காடானது. அன்று ஜெயித்த ஷப்பரல் காரில் இருந்தது கிளட்ச் பெடல் இல்லாத, டார்க் கன்வெர்ட்டர் வைத்த கியர் பெட்டி. 1989இல் ஃபார்முலா ஒன்னில் ஃபெராரி கியர் நெம்புகோலைத் தூக்கிவிட்டு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில் வைத்துக் களமிறங்கியது. பிரேசிலில் முதல் பந்தயத்திலேயே அதன் ஓட்டுநர் மேன்செல் வென்றார். இடது காலில் கிளட்ச் இருந்தால்தான் ஓட்டுநர் என்ற பேச்சு அப்போதே பழசாகிவிட்டது.

இந்தப் பேச்சால் அதிகம் நோகிறவர்கள் நம் பெண் பிள்ளைகள். ஆட்டோ மட்டும் ஓட்டும் டிஏ லைசன்ஸ் எடுத்தவர்கள் அவர்களில் நிறைய பேர். ஆர்வத்தோடு வருகிற தங்கச்சியிடம் "டிஏவா?" என்று சிரித்தால் அவர் அடுத்த முறை வரமாட்டார். கிளப் நடத்தும் அண்ணன்மார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தொடக்கநிலை நாளில் ஆட்டோ செடான்களுக்குத் தனிப் பிரிவு ஒன்று வையுங்கள். நம் அப்பா தலைமுறைக்குப் பக்கத்திலேயே பத்து தீகா ஓடுதளம் இருந்தது. இப்போது அது இல்லை, செப்பாங் ஓடுதளத்தில் ஓட்ட எல்லோருக்கும் வசதியும் இல்லை. கார் நிறுத்துமிடமும் கோன்களும்தான் மிச்சம்.

பெற்றோர் கேட்பார்கள், "காடி கெட்டுப்போகாதா?" என்று. நியாயமான கேள்வி. நம் வெயிலில் கியர் எண்ணெய் சூடாவதுதான் பெரிய கவலை. பிரேக்கை மிதித்துக்கொண்டே எஞ்சினை உறுமவிட்டுக் கிளம்பும் பழக்கம் வேண்டாம், எண்ணெய் சூடாவது அதில்தான் அதிகம். அடுத்தடுத்து ஓட்டாமல் இடைவெளி விடுங்கள். பழைய காராக இருந்தால் வருவதற்கு முன் கியர் எண்ணெயை வொர்க்‌ஷாப்பில் பார்க்கச் சொல்லுங்கள். டயர் காற்றை ஓட்டம் முடிந்த கையோடு, சூடாக இருக்கும்போது அளந்து பாருங்கள். கூடியிருந்தால் குறையுங்கள், வீட்டுக்குக் கிளம்புமுன் மறக்காமல் பழைய அளவுக்கே ஏற்றிவிடுங்கள். இன்னொன்று, சாதாரண காப்புறுதி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். அதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள். சுவரும் விளக்குக் கம்பமும் தள்ளி இருக்கிற திடலாகப் பார்த்து ஓட்டுவது அதனால்தான்.

வருகிற தம்பி தங்கைகள் காரின் பின்பக்க டிக்கியைக் காலி செய்துவிட்டு வாருங்கள். ஓட்டுநர் பக்கத்து மிதியடியை எடுத்துவிடுங்கள், பெடலுக்கு அடியில் மாட்டும். ஹெல்மெட் இல்லையென்றால் கேளுங்கள், யாராவது தருவார்கள். காலையில் சீக்கிரமே வந்துவிடுங்கள். ஓட்டுவதற்கு முன் பாதையை நடந்து பார்க்க வேண்டும், நானும் கூட நடக்கிறேன்.