கோப்பை வேண்டும், கிளப் வேண்டாமா?

2025 மே மாதம் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கால்பந்து அணிக்கு அதன் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஆஞ்ச் போஸ்டெகோக்லூ, ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பையை வென்று கொடுத்தார். ஆஸ்திரேலியாவே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கொண்டாடட்டும், தப்பில்லை. ஆனால் அந்த மனிதரை வளர்த்து ஆளாக்கிய கிளப்பை இருபது வருஷமாக வாசலோடு நிறுத்தி வைத்திருப்பதும் இதே ஆஸ்திரேலியக் கால்பந்துதான். எனக்கு ஆத்திரம் வருவது அதில்தான்.

சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ். ஹெல்லாஸ் என்றால் கிரேக்க நாடு. 1952இல் கிரேக்கத்தோடு ஆஸ்திரேலியா போட்ட குடியேற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் கப்பலாக வந்து இறங்கிய மக்களின் கிளப். பணமில்லாமல் தடுமாறிக்கொண்டிருந்த உள்ளூர் அணி ஒன்றும், ஹெலனிக், யாரா பார்க் அயாஸ் என்ற இரண்டு கிரேக்க அணிகளும் 1959இல் ஒன்றாக இணைந்ததில் பிறந்தது. வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் உழைத்தவர்களுக்கு மிடில் பார்க் மைதானம்தான் ஊர்த் திடல். வேலைக்கு ஆள் தேடுவது, ஊர்ச் செய்தி கேட்பது, கல்யாணம் பேசுவது, நடுவரைத் திட்டுவது எல்லாம் அங்கேதான்.

ஆஞ்ச் ஏதென்ஸில் பிறந்து ஐந்து வயதில் மெல்பர்ன் வந்தவர். இந்தக் கிளப்பில் சிறுவர் அணியிலிருந்து மேலே வந்து, கேப்டன் ஆகி, பிறகு பயிற்சியாளரும் ஆனார். நடுவில் நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1989இல் பயிற்சியாளராக வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா? ஃபெரன்ட்ஸ் புஷ்காஷ். ஹங்கேரியின் புஷ்காஷ், ரியல் மாட்ரிட்டின் புஷ்காஷ்! அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் பனதினைகோஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்து 1971 ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை கொண்டுபோனவர் என்பதால் கிரேக்கம் பேசுவார். ஆகவே கேப்டன் ஆஞ்ச்தான் மொழிபெயர்ப்பாளர், டிரைவரும் அவரே. ஆஞ்சின் பழைய டாட்சன் காரில் உலகக் கால்பந்தின் மாமேதை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே பயிற்சிக்குப் போவார். இந்தப் படிப்புக்கு எந்தப் பயிற்சி நிலையத்தில் சீட் கிடைக்கும்? 1991 தேசிய லீக் இறுதிப் போட்டியில், குரோவேஷியக் குடியேறிகளின் அணியான மெல்பர்ன் குரோவேஷியாவை பெனால்டியில் வென்று கோப்பையும் வாங்கினார்கள்.

அப்புறம் ஆஞ்ச் பயிற்சியாளராகி 1998, 1999 என்று அடுத்தடுத்து தேசியப் பட்டம் வென்றார். ஓசியானியா என்கிற பசிபிக் வட்டாரத்தின் சாம்பியன் என்ற தகுதியில் 2000 ஜனவரியில் பிரேசிலில் நடந்த முதல் உலக கிளப் போட்டிக்கும் போனார்கள். மரகானாவில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-2. மூன்று ஆட்டத்திலும் தோல்விதான். இருக்கட்டும், மைதானத்தில் இறங்கினார்களே.

இதே காலத்தில்தான் இன அடையாளம் வேண்டாம், பெயரை மாற்று, கொடியை எடு என்று கால்பந்து மேலிடத்தின் நெருக்கடி. ஹெல்லாஸ் கொஞ்ச காலம் 'லேக்கர்ஸ்' ஆனது. என்ன பெயர் அது, கூடைப்பந்து அணி மாதிரி! 2004இல் பழைய தேசிய லீக்கையே மூடிவிட்டு அடுத்த வருஷம் நாட்டின் புதிய முதல் நிலைப் போட்டியாக ஏ-லீக் தொடங்கினார்கள். நகரத்துக்கு ஓர் அணி, பெரும்பாலும் புதுசு. நான்கு முறை தேசிய சாம்பியனான கிளப் விக்டோரியா மாநில லீக்குக்கு இறங்கியது. பகலில் வேறு வேலை, சாயங்காலம் பயிற்சி என்று ஆடுகிறவர்களின் அரைத் தொழில்முறைக் கால்பந்து அது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய லீக்கில் பால்கன் சண்டைகள் கேலரிவரை வந்தன, தீப்பந்தம் பறந்தது, கிரேக்கரோ குரோவேஷியரோ அல்லாதவர் டிக்கெட் வாங்கத் தயங்கினார். ஏ-லீக்கின் புது அணியான மெல்பர்ன் விக்டரி வந்ததும் கூட்டம் பல மடங்கானதும் உண்மை. சரி, கலாட்டா செய்தவனைத் தடை செய்யலாம், கிளப்புக்கு அபராதம் போடலாம். மக்கள் சொந்தக் காசிலும் உழைப்பிலும் கட்டியதை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிட்டு, சந்தை ஆய்வை வைத்து அணி தயாரிப்பது என்ன தீர்வு? ஏ-லீக்கை விரிவாக்கியபோது சவுத் மெல்பர்னும் விண்ணப்பித்தது. இடம் கிடைத்தது புதிதாக உருவாக்கிய வெஸ்டர்ன் யுனைடெட்டுக்கு. அது பணச் சிக்கலில் மாட்டி, 2025-26 சீசனில் ஆடவே இல்லை.

இன அடையாளப் பெயர்களுக்கு 2014இல் போட்ட தடையை 2019இல் நீக்கினார்கள். 2025 அக்டோபரில் தேசிய இரண்டாம் நிலைப் போட்டியும் தொடங்கியது, அதன் நிறுவன அணிகளில் சவுத் மெல்பர்னும் ஒன்று. நல்லது. ஆனால் அதில் ஜெயித்தாலும் ஏ-லீக்குக்கு ஏற முடியாது. ஏற்றம் இறக்கம் இல்லாத லீக்கில் ஆடி ஜெயிப்பதற்கு அர்த்தம் என்ன என்று யாராவது விளக்கினால் தேவலை.

இதற்கிடையில் 2026இல் தொடங்கிய ஓசியானியா தொழில்முறை லீக்கில் சவுத் மெல்பர்ன் சேர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியா ஓசியானியக் கால்பந்துக் கூட்டமைப்பை விட்டு ஆசியக் கூட்டமைப்புக்கு மாறியது 2006இல். சொந்த நாட்டு முதல் நிலை லீக்கில் இடம் தராத கிளப், நாடே விட்டு வந்த கண்டத்துக்குத் திரும்பிப்போய் ஃபிஜி, டஹிடி, வனுவாட்டு அணிகளோடு ஆடுகிறது.