கம்யூனிட்டி காலேஜில் டயட்டெட்டிக்ஸ் படிப்பது மட்டமான படிப்பு அல்ல

சென்ற ஞாயிற்றுக்கிழமை விழாவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காணொளியை அனுப்பி, "சும்மா கேலிக்குச் சொன்னதுதானே" என்று சிலர் எனக்கே சமாதானம் சொல்லத் தொடங்கிய பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. இரண்டு ஆண்டு அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெட்டிக்ஸ் (ஊட்டச்சத்து, உணவுமுறைப் படிப்பு) சேர்ந்திருக்கிறேன் என்று பெருமையோடு சொன்ன பெண்ணிடம், "ஏம்மா, யுனிவர்சிட்டியில் இடம் கிடைக்கவில்லையா?" என்று மேடையிலேயே கேட்டது கேலி அல்ல. அவள் முகம் போன போக்கை நான் முன்வரிசையில் இருந்து பார்த்தேன்.

கலிஃபோர்னியாவில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் இங்குள்ள கல்வி முறையைத் தெரிந்துகொள்ளாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் படிப்புக்கென்றே மாறுதலுக்கான இணைப் பட்டம், அதாவது கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் பட்டம், இருக்கிறது. 2010இல் இயற்றப்பட்ட சட்டப்படி, அதை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் ஏதேனும் ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர இடம் உறுதி. விரும்பிய வளாகமே கிடைக்கும் என்ற உறுதி கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்குக் கட்டணம் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். அந்தப் பட்டத்துக்கான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். கடைசியில் கைக்கு வரும் இளநிலைப் பட்டம் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.

நானும் அந்த வழியில் வந்தவள். மதுரையில் பி.காம். முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு பொது வேதியியலில் ஆரம்பித்தேன். பிறகு கரிம வேதியியல், உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், புள்ளியியல். மாலை நேர ஆய்வகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்தவர் பகலெல்லாம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவரைப் போல உழைத்துப் படித்தவர்களை அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் நான் அதிகம் பார்க்கவில்லை. சான் ஹோசே ஸ்டேட்டுக்கு மாறியபோது அந்தப் பாடங்களைப் பல்கலைக்கழகம் தன் பாடங்களுக்கு இணையாக ஏற்றுக்கொண்டது. பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்ட படிப்பை மட்டம் என்று சொல்ல விழா மேடைக்கு என்ன தகுதி இருக்கிறது?

"சேர்கிறவர்களில் எத்தனை பேர் யுனிவர்சிட்டி வரை போகிறார்கள்?" என்று கேட்பீர்கள். பலர் போவதில்லை, உண்மை. வாடகையும் குழந்தையும் இரண்டு வேலையும் அவர்களை நிறுத்துகின்றன. அதற்கும் பாடத்தின் தரத்துக்கும் தொடர்பில்லை. "நேரடியாகச் சேர்ந்தால் நான்கு ஆண்டும் ஒரே இடத்தில் நிம்மதியாகப் படிக்கலாமே" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி முதல், பதிவு பெற்ற டயட்டீஷியன் (உணவுமுறை நிபுணர்) ஆவதற்கான தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும். அதோடு குறைந்தது 1,000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும் வேண்டும். இவ்வளவு நீண்ட பாதையில் முதல் இரண்டு ஆண்டுக் கட்டணத்தை மிச்சப்படுத்தி முதுநிலைக்கு வைத்துக்கொள்ளும் பெண்ணை நாம் பாராட்டியிருக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் வலித்தது அடுத்து வந்த சொல்: "சமையல் படிக்க எதற்குக் காலேஜ்?" நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிரே போகலாம் என்பது சமையலறையில் தெரிய வருவதில்லை. எங்கள் பெரியப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தபோது, உப்பைக் குறைக்கிறோம் என்று மாற்று உப்பை வாங்கி வந்து அன்போடு சமைத்துப் போட்டார்கள். பெரும்பாலான மாற்று உப்பு பொட்டாசியம் குளோரைடு. பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, அது கூடினால் இதயம் நின்றுபோகலாம். நல்ல வேளை, அங்கிருந்த டயட்டீஷியன் கேட்டுத் தெரிந்துகொண்டு தடுத்தார். அந்த அம்மாவைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்புக்கு வந்தேன். அன்று விழாவில் சிரித்தவர்களில் சிலர், சர்க்கரை ஏறியதும் எந்நேரமும் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். நான் எங்கே படிக்கத் தொடங்கினேன் என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா நேற்று என்னிடம், வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்றேன். பொது வேதியியலை முதல் பருவத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள், அது தள்ளிப்போனால் கரிம வேதியியலும் மாறுதலும் சேர்ந்து தள்ளிப்போகும் என்றேன். மேடையில் பேசியவர் அந்தக் குழந்தையிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்; எனக்கு விளக்கம் அனுப்ப வேண்டியதில்லை.