அவளுக்கு மட்டும் ஓட்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியப்பா மகன் வீட்டு மைனி போன் செய்தார். மகளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது, டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். "அவளுக்கு என்னெல்லாம் குடுக்கலாம் பிள்ளே, நீ இதெல்லாம் பாத்து வந்தவளாச்சே" என்றார். அதை அப்புறம் பார்க்கலாம், இன்றைக்கு வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். "எங்களுக்கு மரச்சீனியும் சாளைக் கறியும். அவளுக்கு மட்டும் ஓட்ஸ்."

இந்த 'அவளுக்கு மட்டும்' எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அதே ஓட்ஸ் கிண்ணத்தோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மரச்சீனிக் கிழங்கு வெந்து இறங்கும், மாமி தேங்காயும் காந்தாரி மிளகும் அரைத்துப் போட்டுக் கிளறுவார், மணம் முற்றம் வரைக்கும் வரும். கொழுந்தன், நாத்தனார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தட்டு வரும். நான் கை நீட்டினால் "உனக்குக் கிழங்கு ஆகாது மக்களே, டாக்டர் சொன்னாருல்லா" என்பார். அவர் கெட்டவர் இல்லை, உண்மையான அக்கறையில்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் நான் அந்த வீட்டில் ஏதோ குற்றம் செய்து தண்டனை அனுபவிக்கிறவள் மாதிரி இருந்தேன். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அடுக்களையில் நின்று ஆறிப்போன கிழங்கைத் தின்றதையும் சொல்லிவிடுகிறேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது.

முதலில் இந்த 'நீர்க்கட்டி' என்ற பேரே பாதிப் பேரைப் பயமுறுத்துகிறது. பிசிஓடி என்று சொல்வதும் இதைத்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என் அப்பா கேட்ட முதல் கேள்வி, ஆப்பரேஷன் பண்ணி எடுத்துவிடலாமா என்பது. எடுப்பதற்கு அங்கே கட்டி ஒன்றும் இல்லை. முழுசாக வளராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன கருமுட்டைப் பைகள் அவை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கிறது, அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது, முட்டை வளர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது. எல்லாருக்கும் அச்சு அசலாக இதே கதை இல்லை, ஆனால் பெரும்பாலும் இப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 100க்கு 10 முதல் 13 பேருக்கு இது உண்டு. ஒல்லியான பெண்களுக்கும் வரும். எங்கள் ஆபீஸில் 48 கிலோ இருக்கிற ஒரு பெண் மூன்று வருஷம் "உனக்கு உடம்பே இல்லையே, உனக்கெப்படி பிசிஓடி" என்ற கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு கூத்து இதில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் அப்போது கத்தாரில். வருஷத்துக்கு நாற்பது நாள் லீவு. எனக்கு மாதவிடாய் ஐம்பது, அறுபது நாளுக்கு ஒரு தடவை. முட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய பதினாலு நாள் முன்னால், அதுவும் வெளிவந்தால்தான். அப்படியானால் அவர் ஊரில் இருந்த நாற்பது நாளில் ஒரு முட்டைகூட வெளிவராமல் போயிருக்கலாம். ஆனால் கல்யாண வீடுகளில் கணக்கு வேறு. "மூணு வருஷம் ஆச்சே, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" மூன்று வருஷமாம்! மொத்தமாகக் கூட்டினால் நாங்கள் சேர்ந்து இருந்தது நாலு மாதம். விந்துப் பரிசோதனைக்கு அவர் வர மறுத்து ஒரு லீவே வீணானது தனிக் கதை. அது எவ்வளவு லேசான பரிசோதனை, முதல் வாரமே செய்திருக்க வேண்டியது. நான் அதற்குள் ஏழெட்டு ரத்தப் பரிசோதனை கொடுத்து முடித்திருந்தேன்.

சரி, என்ன மாறியது என்று கேட்பீர்கள். நாகராஜா கோயிலில் பால் ஊற்றினோம், மலைவேம்புச் சாறு குடித்தேன், கழற்சிக்காய்ப் பொடி மூன்று மாதம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். அந்த மூன்று மாதமும் மாதவிடாய் வரவில்லை, நானும் டாக்டரிடம் போகவில்லை. அது தப்பு. 90 நாளைத் தாண்டியும் வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், வருஷக்கணக்கில் விட்டால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகிற விஷயம் அது.

மாறியது மாமிக்குச் சர்க்கரை வந்த பிறகுதான். அவருடைய டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். கிழங்கைக் குறை, சோறைக் குறை, காய் கூட்டு, மீன் சாப்பிடு, தினம் அரை மணி நேரம் நட. என் சீட்டில் இருந்தது அப்படியே! மாமி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் "அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே தீனம்தானா" என்றார். தீனம் என்றால் நோய். ரெண்டும் வேறுதான், ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதது என்கிற ஒரே வேரில் கிளைத்தவை.

அன்றிலிருந்து ஓட்ஸ் போனது. எல்லார் தட்டிலும் ரெண்டு துண்டு கிழங்கு, மீதி சாளை மீனும், தேங்காய் போட்ட காய்த் தோரனும். சோறு ஒரு அகப்பை. சாயாவில் சீனி பாதி. ஏத்தங்காய் சிப்ஸ் டப்பா வீட்டை விட்டே போனது, இதற்குக் கொழுந்தன் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தான். காலை ஐந்தரைக்கு மாமியும் நானும் சானல்கரையில் நடப்போம். தனியாகப் போனபோது "இவ எங்க போறா" என்று பார்த்த கண்கள், மாமி கூட வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டன. நெற்றியில் லைட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் மட்டும்தான் எதிரே வருவார்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் என்று சொல்கிறார்கள், பேச்சு சுவாரஸ்யத்தில் நாங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

ஏழு மாதத்தில் 76 கிலோ 71 ஆனது. இவ்வளவுதானா என்று பலர் கேட்டார்கள். எடையில் 100க்கு 5 முதல் 10 குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. எனக்கு 60 நாள் 36 ஆனது. மாமியின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் 8.4இலிருந்து 7.3க்கு இறங்கியது, அவருக்கு அதில் என்னை விடப் பெருமை.

அதற்காக, நடந்தால் பிள்ளை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். முட்டையை வளர்த்து வெளிவர வைக்கிற லெட்ரோசோல் மாத்திரையும் எனக்குத் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 750 பெண்களை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில் இந்த மாத்திரை எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் பிள்ளை பெற்றார்கள், பழைய குளோமிபீனில் 19.1. அதாவது மாத்திரை எடுத்தும் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சுற்றுகளில் பிள்ளை இல்லை, அவர்கள் யாரும் சோம்பேறிகள் கிடையாது. இன்னொரு பக்கம், எடையைக் குறைத்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று வருஷக்கணக்கில் தள்ளிவைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. 2016இல் வந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கூடுதல் எடையோடு குழந்தைக்காகக் காத்திருந்த பெண்களில் ஒரு பிரிவினர் ஆறு மாதம் எடை குறைத்த பிறகும், மற்றவர்கள் உடனேயும் சிகிச்சை தொடங்கினார்கள். முதல் பிரிவில் சிகிச்சை இல்லாமலே தரித்தவர்கள் கூடுதல், ஆனால் ஆரோக்கியமான பிரசவம் கூடவில்லை. 35 வயதைத் தாண்டியவளிடம் ஆறு மாதம் என்பது சின்ன விஷயமும் இல்லை.

தரித்த பிறகு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், வீட்டிலும் அப்படித்தான். "இனி ரெண்டு உயிருக்குத் தின்னணும்" என்று முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் வந்து குவிந்தன. பிசிஓடி உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வர வாய்ப்பு கூடுதல். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிற சோதனை முதல் தடவை சரியாக இருந்தது, ஆறாவது மாதத்தில் 152 காட்டியது. 140க்குள் இருக்க வேண்டும். முந்திரிக்கொத்து டப்பாவை மாமியே தூக்கிக் கொழுந்தனிடம் கொடுத்தார், அவன் காத்திருந்த நாள் அது. சாப்பாட்டிலும் நடையிலுமே சமாளித்தோம், ஊசி தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்களும் எதிலும் குறைந்தவர்கள் இல்லை.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. எனக்கு மாதவிடாய் மறுபடி நாற்பது, ஐம்பது நாள் என்று இழுக்கிறது. பிள்ளை பிறந்ததும் இது போய்விடாது, வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள்கிறேன்.

மைனியிடம் இதில் பாதியைத்தான் போனில் சொல்ல முடிந்தது. மருமகன் துபாயில், அடுத்த மாதம் லீவுக்கு வருகிறாராம். வந்த வாரமே அவருக்கும் ஒரு பரிசோதனை செய்யச் சொன்னேன். மைனி 'ம்' கொட்டினார், அந்த 'ம்' எனக்கு அவ்வளவு நம்பிக்கையாக இல்லை. சனிக்கிழமை நேரிலேயே போகிறேன். சாளை வாங்கி வையுங்கள், கிழங்கும் அவியட்டும், ஓட்ஸை அண்ணனுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கும் சர்க்கரை 200க்கு மேலே இருக்கிறதே.